அமர்ந்தது

மேற்கிலிருந்து வருவதற்குக் கோடை என்று பெயர் வைத்தவர்கள்
இந்தத் தீவுகளைப் பார்த்ததில்லை.
ஃபாக்லாந்தில் அது கம்பளிக்குள் புகுந்து
எலும்பை எண்ணிப் பார்க்கும்.
தென்றலோ, கேட்கவே வேண்டாம்:
பனிக்கண்டத்திலிருந்து நேராக முகத்துக்கு.

நயாரெத் சிலியிலிருந்து வந்தவள்.
மூன்று மீட்டர் இறக்கை, நாலு கிலோ எடை.
மோட்டாரை அணைத்துவிட்டுப்
பாறை விளிம்பிலிருந்து வீசினாள்.

கடலை உரசிப் போகும் காற்று சோம்பேறி.
நாற்பதடி மேலே அதே காற்று முரடன்.
எதிர்த்து ஏறு, திரும்பு,
அவன் முதுகில் சரிந்து இறங்கு,
மறுபடி ஏறு.
இருவருக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தை
வட்டியாக வாங்கித் தின்றது விமானம்.
பேட்டரியில் இருந்த முதலைத் தொடவே இல்லை.

முதல் நாள் ஓர் அல்பட்ராஸ் கூடவே வந்தது.
இறக்கை அசைக்காத இன்னொன்றை
அது சந்தேகித்ததாகத் தெரியவில்லை.

மோராகின் பண்ணைவீட்டுச் சமையலறையில் எங்கள் திரை.
முறைவைத்து விழித்தோம்.
ரோம மூட்டைகளை எண்ணும் குரலில்
மோராக் மணிகளை எண்ணினாள்:
இருபத்தெட்டு. முப்பத்தேழு.
நாற்பத்தொன்றில், இரண்டாம் இரவில்,
நாய் எழுந்து நின்றது.

சத்தம் இல்லை.
தகரக்கூரை முனகவில்லை.
டார்ச் அடித்துப் பார்த்தோம்:
வந்த நாளிலிருந்து கிடையாகவே பறந்த
கொடித்துணியில் மூன்று சட்டைகள்
கைகளைத் தொங்கப்போட்டிருந்தன.

"பத்து வருஷத்தில் ரெண்டு தடவை,"
என்றாள் மோராக், மெதுவாக,
பக்கத்தறையில் யாரோ தூங்குவதுபோல.

உயரம்: பதினொன்று. எட்டு. ஐந்து.
மோட்டார் பொத்தான்மேல் நயாரெத்தின் விரல்.
அழுத்தினால் கரைசேரும், கணக்கு அழியும்.
அழுத்தாவிட்டால்
"அந்தப் பறவை இப்போ என்ன செய்யும்?"

மோராக் கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.
"உட்காரும்."

விரலை எடுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் படகில் போனோம்.
கடல் எண்ணெய்போல் கிடந்தது.
இரண்டு மைல் தள்ளி, பாசிக்காட்டின் ஓரம்,
வெள்ளையாய் இரண்டு.
ஒன்று எங்களைப் பார்த்து அலகைத் தட்டியது.
மற்றது பச்சை விளக்கைச் சிமிட்டியது.

படிவத்தில் 'தரையிறங்கியது' ஒரு கட்டம்,
'விழுந்தது' ஒரு கட்டம்.
இரண்டையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினாள்:
41 மணி 12 நிமிடம். காத்திருக்கிறது.

திரும்பும்போது பாதிவழியில்
கன்னத்தில் ஏதோ பட்டது.
அவள் மடியில் ஈரமாய்க் கிடந்த இறக்கை
ஒருமுறை துடித்தது.
யாரும் பேசவில்லை, மோராகைத் தவிர:

"இனி துணி காயும்."