ஒற்றைக் கண்ணுக்கு ஒரு மான்

கென்ட் நகரத்து ஞாயிற்றுச் சந்தை.
ஈரத் தார்ப்பாயில் பித்தளைக் குழாய்கள், அடியில்
வரிவரியாய்ப் பிளாஸ்டிக் போர்த்திய தபாலட்டை.
கோடலீவ் நகத்தால் வருடுகிறாள். கர்ர்ர்.
ஜப்பான் அச்சு. அறுபத்தேழாக இருக்கலாம்.

பனிக்காட்டில் ஒரு மான்.
இரண்டு கண்ணும் இருந்த காலத்தில்
இந்த மாதிரி மான்கள்
அட்டையை விட்டு மூக்கை நீட்டும்.
போன மார்ச்சுக்குப் பிறகு
வீட்டிலுள்ள நானூற்றுப் பத்தும்
வெறும் சுவரொட்டி.

"ஐந்து யூரோ" என்கிறான் யோரிஸ்.

அவள் தலையை மெல்ல
இடமும் வலமும் ஆட்டுகிறாள்.
மரம் நகர்கிறது.
அதன் பின்னால் இன்னொரு மரம்.

"சரி, மூன்று."

இன்னும் ஆட்டுகிறாள்.
மான் காட்டைவிட்டு
ஒரு விரற்கடை முன்னே வருகிறது.

"ஒன்று. அதற்குக் கீழே கட்டாது, மேடம்."

ஐந்தையே எடுத்து நீட்டுகிறாள்,
தலையாட்டுவதை நிறுத்தாமல்.