தொழில் என்ற கட்டம்

மார்ச் முப்பது.
கணக்கு முடிய இன்னும் இரண்டு பாலிசி வேண்டும் எனக்கு.
விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துவிட்டேன்,
புதுவயலில் கூத்தையாவைப் பிடிக்க.

படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம்,
கட்டைவிரல் அகலம்தான்.
அதற்குள் கூத்தையாவை எப்படி மடக்குவது?
பகலில் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் பாய்லர்,
சனிக்கிழமை ராத்திரி நாடகத்தில் பபூன்,
பங்குனிக் கூட்டத்தில் மோர் வியாபாரம்.
"ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரி அரியர் இன்னும் நிக்குது,
அதையும் சேர்த்துக்க" என்கிறான்,
புருவத்தில் உமியோடு.

எங்கள் வகுப்பில் நாற்பத்தோரு பேர்.
மின்வேதியியல் ஆய்வகத்தின் சுவரைத் தாண்டும்போதெல்லாம்
கல்லூரிப் பஸ்ஸே ஒரு பக்கமாய்ச் சாயும்,
உள்ளே எங்களுக்கு ஆளுக்கொரு நாற்காலி
போட்டு வைத்திருப்பதுபோல.
போனது ஜெசிந்தா ஒருத்திதான்.
ஆறு மாத ஒப்பந்தம்;
அப்படிப் பதினோரு ஆறு மாதங்கள்
பேட்டரி எப்படிச் சாகிறதென்று குறித்துக்கொண்டிருந்தாள்.
இப்போது ஓமலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில்
எட்டாம் வகுப்புக்கு அமிலமும் காரமும்.
"லிட்மஸ் தாளை நக்கிப் பார்க்குதுங்கடி"
வாய்ஸ் மெசேஜில் சிரித்தாள்.
அதை இரண்டு முறை கேட்டேன்.

ஆண்டு வருமானம் என்ற இடத்தில்
எல்லோருக்கும் பேனா கொஞ்சம் தயங்கும்.
சம்சுதீன் கூட்டிச் சொன்னான்,
சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் மஞ்சள் தலைக்கவசத்தோடு.
உடையப்பன் குறைத்துச் சொன்னான்,
கல்லுக்கட்டியில் இரண்டு மருந்துக்கடை.
தெய்வானை பேனாவை மூடிவிட்டு,
"வீட்டில இருக்கேன்னு போட்டுக்க" என்றாள்.

அவள்தான் பல்கலைக்கழகத்தில் ஏழாவது ரேங்க்.
மாமியாரின் டயாலிசிஸ் கிழமைகள்,
மகனின் நீட் வகுப்பு,
இரண்டு ஏக்கர் தைலமரத்தின் வெட்டுக் கணக்கு,
எல்லாம் தலைக்குள் வைத்திருக்கிறாள், ஒரு தாளும் இல்லாமல்.
கணவனின் காப்பீட்டுத் தொகைக்கு மேல்
அவள் உயிருக்குப் போட முடியாது, விதி.
நான் சொல்லவில்லை.
அவளே வாசித்துவிட்டாள், பொடி எழுத்தில்.
"காபி குடிக்கிறியா?" என்றாள்.

அங்கிருந்து நேராகப் போனால் கண்டனூர்.
நான் சுற்றிக்கொண்டு வந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் சேவுகனுக்கும் எனக்கும் ஒரே பியூரெட்.
அவன் திருகைத் திறப்பான், நான் குடுவையைச் சுழற்றுவேன்.
இளஞ்சிவப்பு வந்து நிற்க
"ஒரு சொட்டுதான் பாக்கி பூமயில்" என்பான்,
இரண்டு சொட்டு விட்டுவிடுவான்.
பழைய சாமான் கடையில் கணக்கெழுதி,
பால் வண்டி ஓட்டி,
கடைசியில் குவைத்துக்குப் போனான் கிரேன் இயக்க.
அவன் பிரீமியத்தை இரண்டு தவணை நான் கட்டினேன்.
மூன்றாவதைக் கட்டவில்லை.
என் மகளுக்கு அந்த மாதம் பல்லுக்குக் கம்பி.
பெட்டி திருச்சி விமான நிலையத்துக்கு வந்த அன்று
பாலிசி காலாவதியாகி நாற்பத்தேழு நாள்.
"ஏதும் வருமாக்கா?" என்றுதான் அவன் மனைவி கேட்டாள்.
திட்டியிருக்கலாம்.

ஐந்து மணிக்கு ஒரு பாலிசி குறைகிறது.
வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தி
சீட்டின் மேல் வைத்து
என் பெயருக்கே ஒன்று எழுதினேன்.
இருக்கும் நோய்கள்: இல்லை.
கல்வி: பி.எஸ்ஸி. வேதியியல்.
வாரிசு: மகள்.

கிளை அலுவலகக் கவுண்டரில் அழகம்மை.
அவளும் எங்கள் நாற்பத்தொன்றில் ஒருத்தி;
வங்கித் தேர்வு ஒன்பது முறை எழுதி
பத்தாவதில் இங்கே உட்கார்ந்தவள்.
கண்ணாடித் துளை வழியே தாளை இழுத்தாள்.
"தொழிலை விட்டுட்டியேடி."
"நீயே போட்டுக்க."
என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.
பிறகு குனிந்து எதையோ எழுதினாள்,
முகவர் என்ற நாலெழுத்துக்கு
அவ்வளவு நேரம் ஆகாது.
பேனா கட்டத்தைத் தாண்டி
ஓரம்வரை போனதைப் பார்த்தேன்.
முத்திரை குத்தி உள்ளே தள்ளிவிட்டாள்.