கொம்பு

"உனக்கு மட்டும் என்ன
கொம்பா முளைச்சிருக்கு?" என்றார் ஜெகந்நாதன்,
ஞாயிற்றுக்கிழமையும் வரமுடியாது என்றதற்கு.
பதில் சொல்லவில்லை.
தொப்பியை மாட்டிக்கொண்டு
கொடிமலை ஏறினேன், மழைமானி பார்க்க.

ஆயர் ஈத்தாம் அணைக்கு மேலே
பழைய தண்ணீர்க்குழாயை ஒட்டிப் போகும் தடம்.
நேற்றைய மழையை மரங்கள் இன்னும்
சில்லறையாக எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தன.
முன்னால் போன ஃபைசால்
பாராங்கை ஓங்கியவன், அப்படியே நின்றான்.

பிரம்புக்கும் பெரணிக்கும் நடுவே
முகத்துக்கு நேராக ஒரு வலை.
நடுவில் அவள்.
என் சுண்டுவிரல் நகத்தளவு உடம்பு,
பழுத்த மிளகாயின் சிவப்பு, மேலே மைப்புள்ளிகள்.
இரண்டு பக்கமும் பின்னோக்கி வளைந்து
உடம்பைவிட நீளமாய்

முளைத்திருந்தது, ஜெகந்நாதன்.
நிஜமாகவே முளைத்திருந்தது.

ஒன்றாம் ஆண்டில் 'கெ' எழுதப் போய்
அழுத்தி அழுத்தி நோட்டைக் கிழித்திருக்கிறேன்.
கொம்பு முன்னால் நிற்கும்,
ஓசை பின்னால் வரும்.
இவளை எழுதியவன் என்னைவிட அவசரக்காரன்.
தலையில் வைக்க வேண்டியதை
இடுப்பில் வைத்துவிட்டான்.
யாரையும் முட்ட உதவாத கொம்பு.
விழுங்க வருகிற குருவிக்கு மட்டும்
தொண்டையில் பாடம் சொல்லும்.

ஆண் எங்கே என்று ஃபைசால் தேடினான்.
ஓரத்து நூலில், தூசிபோல,
கொம்பில்லாத ஒருவன்
தட்டுவதும் நிற்பதும்
மறுபடி தட்டுவதுமாக இருந்தான்.
"லீவு கேட்கிறான்" என்றேன் மலாயில்.
ஃபைசால் சிரித்ததில் வலை ஆடியது.

"வெட்டிடவா?"
"வேணாம்."

ஆபீசில் வளையாத முதுகை
அங்கே வளைத்தேன்.
பை உரசாமல், மூச்சுப் படாமல்
சேற்றில் ஒரு கை ஊன்றிக் கடந்தேன்.
அப்படியும் தொப்பி ஓர் இழையை அறுத்துவிட்டது.
அவள் இறங்கி வந்து தொட்டுப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாளா, தெரியாது.
திட்டாமல், தலையில் அடித்துக்கொள்ளாமல்
கட்ட ஆரம்பித்தாள்.
நான்தான் மன்னிப்புக் கேட்டேன், தமிழில்.

மழைமானியில்
இருபத்தொன்று புள்ளி ஐந்து மில்லிமீட்டர்.
ஒரு கொசு மிதந்தது; எடுத்துப் போட்டேன்.
படிவத்தில் தேதி, நேரம், அளவு, கையெழுத்து.
'வேறு குறிப்புகள்' என்ற கட்டத்தில்
ஒன்பது வருடமாகக் கோடு இழுத்தே வந்தவள்
நனைந்த பேனாவை உதறி உதறி எழுதினேன்:

தடத்தில் ஆள் இருக்கிறார்.
குனிந்து வரவும்.