திரும்ப எடுக்கிறேன்

டண்டினோங். பிஸ்கட் தொழிற்சாலையில்
இரவு வேலை முடிந்து பேருந்துக்கு நிற்கையில்
தம்பியின் குரல் வந்தது.
"அக்கா, விபத்து. பொலிஸ் பிடிச்சிட்டுது.
ஒருத்தருக்கும் சொல்லாதை."
அவன் குரல்தான்.
பேசமுதல் வருகிற அந்தச் சின்ன இருமல்கூட.
கலியாண வீடியோவில் அவன் வாழ்த்திப் பேசிய ஒரு நிமிடம்
போதுமாம் அதற்கு. பிறகுதான் அறிந்தேன்.

நாலாயிரத்து முந்நூறு டொலர்.
பரிசு அட்டைகளின் வெள்ளிப் பூச்சை
வீட்டுத் திறப்பால் சுரண்டிச் சுரண்டி
இலக்கங்களை வாசித்தேன்.
ஒன்றைப் பிழையாய் வாசித்தபோது
மன்னிப்பும் கேட்டேன்.

பதினொரு கிழமை வாய் திறக்கவில்லை.
காசு ஒரே காலையில் போய்விட்டது.
அதற்குப் பிறகு
கள்ளனை நானே காவல் காத்தேன்,
மானம் என்று பெயர் வைத்து.

சீட்டுக் கூறுகிற ஞாயிறு,
துஷ்யந்தியின் கராஜில்
என் பங்குக்குக் காசில்லை.
ஏன் என்றார்கள். சொன்னேன்.
கணக்குக் கொப்பியை மூடினாள் துஷ்யந்தி.
"எனக்கு மகளின்ரை குரல்."
ரோல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.
சுகிர்தனுக்கு வரித் திணைக்களம்.
இரவல் கொடுத்த ஏணியைக் கேட்டு வந்த
பக்கத்து வீட்டு ஹமீதுக்கு
இரண்டு வருடம் முன் இறந்துபோன அண்ணன்.
"காசு அனுப்பவில்லை," என்றார்,
"பொய்யென்று தெரியும்.
ஆனாலும் முடியும்வரை கேட்டேன்."

அன்று வீட்டுக்கொரு சொல் வைத்தோம்.
ஊர்ப்பெயர் வேண்டாம், முகநூலில் கிடக்கிறது.
குலதெய்வமும் வேண்டாம்.
சொல் தெரிவதிலேயே சுகிர்தன் வீட்டில்
இரண்டு நாள் சண்டை.
சந்திக் கடையில் அட்டைகள் தொங்கும் கம்பிக்கு மேல்
நாலு மொழியில் ஒரு தாள் ஒட்டினோம்:
யாருக்கு வாங்குகிறீர்கள்?
காசாளர்ப் பெடியன் இப்போது
வாயாலும் கேட்கிறான்.

நேற்றுத் தம்பி எடுத்தான்.
கார் பழுது, நானூறு வேணும், அவசரம்.
"சொல்லைச் சொல்லு."
"என்ன சொல்?"
வைத்துவிட்டேன்.
மனப்பாடமான பழைய இலக்கத்துக்கு
நானே எடுத்தேன்.

மணி போகிறது. ஒன்று.
இரண்டு.
இந்தச் சின்ன இடைவெளியைத்தான்
அன்று அவர்கள் எனக்குத் தரவில்லை.

மூன்றில் எடுத்தான், இருமினான்,
கத்தத் தொடங்கினான்.
திட்டு, என்றேன்.
ஆறுதலாய்த் திட்டு.
எனக்கு ஒரு அவசரமும் இல்லை.