மூன்றாம் எண்

செம்பனை லாரிக்குப் பின்னால் ஊர்ந்து
கோலா கெட்டில் வந்து சேர்ந்தோம்.
"நாலு நாள் இருந்துட்டுத்தான் போவணும், ஆமா"
வாசலிலேயே சொல்லிவிட்டார் சித்தப்பா.

முன்னறையில் எங்களுக்குப் பாய்.
தலைமாட்டில் நீலக் காத்தாடி,
கழுத்தில் கயிற்றுக்கட்டு,
மூன்றாம் எண்ணில் மட்டும்தான் சுற்றும்.
சுவரோரம் விசாலி
காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே
தூங்குவதாக நடித்தாள்.

மறுநாள் கோழிக்குழம்பு கொதிக்கையில்
பக்கத்து வீட்டுப் பையன் வந்து நின்றான்,
ஒற்றைச் செருப்போடு.
"பாப்பாவுக்கு வேர்க்குரு.
அம்மா காத்தாடி கேட்டுச்சு."

சின்னம்மா அடுப்பைக் குறைத்தாள்,
பிறகு கூட்டினாள்.
"காலையில தரேன்னு சொல்லுடா தம்பி."
முறுக்கை வாங்கிக்கொண்டு
காத்தாடியையே பார்த்தபடி போனான்.

அப்பா கைப்பேசியைக் காதில் வைத்தார்.
திரை இருட்டாகவே இருந்தது.
"வேலைக்குக் கூப்பிடுறாங்க, விடியக்காலம் கெளம்பணும்."
கிள்ளானில் தொழிற்சாலை வாரம் முழுக்க மூடல்.
சித்தப்பாவுக்கும் தெரியும்.
"அப்படியா" என்றார்.

அன்றிரவு
காற்று எங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம்
அம்மா முகத்தை மூடிக்கொண்டாள்.

கார் வளைவில் திரும்புகையில் பார்த்தேன்:
காத்தாடியைத் தோளில் தூக்கிக்கொண்டு
லயத்து ஓரமாய்ப் போகிறார் சித்தப்பா.
எதிர்க்காற்றில்
மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது அது,
எந்த எண்ணும் அழுத்தாமல்.