இடைவேளைக்குள் நாற்பத்தாறு

நாற்பத்தாறு பேர்,
இடைவேளைக்குள்.
எண்ணுவது பழக்கம், மன்னிக்கவும்.
மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையில்
வெட்டுக்காயம் தைக்கும் அறையில் பதினோரு வருடம்.
பெயர் தையல்நாயகி.
சிரித்துவிட்டீர்களா, சரி,
மேலே படியுங்கள்.

மதிய டூட்டி முடிந்து
திருப்பாப்புலியூரில் இரண்டாம் ஆட்டம்.
லேப் ஜெசிந்தா டிக்கெட் எடுத்திருந்தாள்.
சுவரொட்டியில் அரிவாள்,
அதன் நுனியில் ஒரு முழம் மல்லிகை.
"சிரிப்புப் படம்க்கா."

சிரிப்புப் படம்தான்.
முதல் சண்டை கல்யாண மண்டபத்தில், பந்தி நடுவில்.
கதாநாயகன் பரிமாறிக்கொண்டே அடிக்கிறான்.
ஒருவன் தலையில் அண்டா, ஒருவன் வாயில் லட்டு.
எட்டாவது ஆள் விழுந்து எச்சில் இலை பறக்கும்போது
பந்தியில் ஓர் ஒல்லி ஆள்
நிமிராமல் சொல்கிறார்: "ரசம்."
யாரும் ஊற்றவில்லை.
அடுத்த சண்டை மீன் மார்க்கெட்டில். அங்கும் ஒரு மூலையில்
அதே இலை, அதே ஆள்.
அதற்கடுத்தது போலீஸ் ஸ்டேஷனில்.
அரங்கமே அவரைத் தேடியது.
எனக்கு மூச்சு முட்டியது, ஜெசிந்தா என் தோளில் அடித்தாள்.

இன்னொன்றும் பிடித்தது.
ஒவ்வொரு குத்துக்குப் பிறகும்
அவன் கையை உதறி, விரலை ஊதிக்கொள்கிறான்.
அடித்தவன் கையும் வலிக்கும் என்று அறிந்த யாரோ
இந்தப் படத்தில் வேலை பார்த்திருக்கிறார்கள்.
(முட்டி உடைந்து வருகிறவர்கள் எங்களிடம்
"கதவு இடிச்சிடுச்சி" என்பார்கள்.
கடலூரில் கதவுகள் அவ்வளவு முரடு.)

இடைவேளை. முட்டை போண்டா.
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பியிருந்தது.
"எத்தனை தையல் வரும்க்கா?"
மனசுக்குள் கூட்டினேன்.
"நாலு நாள் ஆகும்.
ரெண்டு பேரை ஜிப்மருக்கு அனுப்பணும்."

பிறகு இயக்குநருக்குப் பயம் வந்துவிட்டது,
சிரித்தால் மட்டும் போதாது என்று.
தங்கையைக் கொன்றார்கள்.
தங்கைக்கு மொத்தம் மூன்று வசனம்.
மூன்றும் "அண்ணா".
தக்காளியாக இருந்த ரத்தம்
திடீரென்று ரத்தமானது.
வெட்டுவது அதே ஆள், அதே அரிவாள்,
பின்னால் உடுக்கை மட்டும் புதிது.
ரசம் கேட்டவரைக் காணோம்.
நடுவில் ஒரு பனிமலைப் பாட்டு,
கதாநாயகிக்கு மட்டும் குளிரவில்லை.

ஒரு கை தனியே விழுந்தது.
அதில் கட்டியிருந்த கடிகாரம் அலாரம் அடித்தது.
அரங்கம் குலுங்கியது.
நானும் தொடங்கினேன்,
பாதியில் நின்றுவிட்டது.

போன மார்ச்சில் துறைமுகத்திலிருந்து கலியவரதன் வந்தார்,
தன் இரண்டு விரல்களை
ஐஸில் போட்டு, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு.
வஞ்சிர வாடை.
"சிஸ்டர், மோதிரத்த மட்டும் கழட்டிக் குடுங்க,
அடகுக்கடை பத்து மணிக்குத் தொறந்துடும்" என்றார்.
வரிசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்,
எலும்பு முறிந்தவர்கள்கூட.
அந்த நகைச்சுவை அவருடையது.
விரல்களும் அவருடையவை.
படத்தில் விழுந்த கை யாருடையது?
முகம் காட்டினார்களா என்று
இன்றுவரை யோசிக்கிறேன்.

ஒரு மணிக்கு விட்டார்கள்.
கெடிலம் பாலத்தில் ஆள் இல்லை.
ஸ்கூட்டியில் என் பின்னால் இருந்து, இருட்டைப் பார்த்து,
ஜெசிந்தா சொன்னாள்: "ரசம்."
வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று.

மறுநாள் ஒரு பையன்.
புருவத்துக்கு மேல் நாலு சென்டிமீட்டர்,
சட்டையெல்லாம் புதுச்சேரி குவார்ட்டர் வாசம்.
"கதவு, சிஸ்டர்."
பாக்கெட்டில் கிழித்த சினிமா டிக்கெட், அதே படம்.
"எப்படி இருந்துச்சி?"
"ஃபர்ஸ்ட் ஹாஃப் செம" என்று சொல்லி முடிப்பதற்குள்
ஊசி இறங்கியது.
அவன் கத்தினான்.
நாற்பத்தாறு பேரில் ஒருவரும்
அப்படிக் கத்தவில்லை.