எலியின் தம்பி

எங்கள் தீவில் அதற்கு எலியின் தம்பி என்று பெயர்.
எலி நுழையும் இடத்திலெல்லாம் நுழையும்.
பதினைந்து கிராம்கூடத் தேறாது.
என் லென்ஸ் இரண்டு கிலோ.
"ரன்வா, திமிங்கலமா பிடிக்கப் போகிறாய்?" என்று
ஹானுஸ் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

நோல்சோய் துறைமுகத்தின் கடைசிச் சுவர்
அவருடைய படகுக் கொட்டகை.
பூச்சு கிடையாது, வெறும் கல்மேல் கல்.
மீன் ஆலையில் இரவு முறை முடித்து
முதல் படகில் திரும்பி
கவிழ்த்த பெட்டியொன்றில் உட்காருவேன்.
கம்பளிக் கையுறைக்குள்ளும் காட் மீன் வாடை.

முதல் நாள் மூடுபனி.
மறுநாளும் அதுவே.
மூன்றாம் நாள் பாடியது,
எங்கிருந்து என்று தெரியவில்லை.
அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத குரல்:
தகர டப்பாவில் ஆணிகளைக் கொட்டிக் குலுக்கி
யாரோ அதற்குத் தாளமும் சொல்லிக்கொடுத்ததுபோல.
லென்ஸைத் திருப்புவதற்குள்
கல் மட்டும் இருக்கும்.

அப்படி நாற்பது கற்களைப் படமெடுத்தேன்.
பாசி பிடித்த கல்,
எச்சம் வழிந்த கல்,
துருவேறிய தூண்டில் முள்ளை
இடுக்கில் கவ்விக்கொண்டிருந்த கல்.
ஒரு படத்தின் ஓரத்தில் வால்.
வால் மட்டும், ஆணி அடித்தாற்போல் செங்குத்தாக.
அதை அழிக்க மனம் வரவில்லை.

பத்தாம் நாள் வந்து உட்கார்ந்தது
லென்ஸின் விளிம்பிலேயே.
அத்தனை பக்கத்தில் எதுவும் தெளியாது.
கண்ணாடிக்குள் பழுப்பாய் ஒரு மூட்டம்,
பிளாஸ்டிக்கை நகம் கீறும் சத்தம்.
மூச்சை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அடக்கிக்கொண்டேன்.
பிறகு சுவருக்குத் தாவியது,
அலகில் பச்சைப் புழு.
அப்போதுதான் அழுத்தினேன்.

வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
சிறகின் ஒவ்வொரு வரியும் இருந்தது,
கண்ணுக்குமேல் வெளுத்த புருவம்,
கண்ணுக்குள் ஒரு புள்ளி,
நானாக இருக்கலாம்.
சந்தோஷத்தில் காபி ஆறிப்போனது.
பின்னால் இருந்த இருட்டைப் பிறகுதான் கவனித்தேன்.
வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட
மங்கலாய் மஞ்சள் கோடுகள்.
வாய்கள்.
ஐந்து என்று நினைத்தேன்.
கூட்டின் விளிம்பில் ஓர் ஆரஞ்சு இழை,
என் கையுறை எப்போதோ உதிர்த்தது.

அந்த இடுக்குகளைத்தான்
வெள்ளிக்கிழமை சிமெண்ட் வைத்து அடைப்பதாக இருந்தார்
ஹானுஸ்.
உப்புக்காற்று புகுந்து படகைத் தின்கிறதென்று
குளிர்காலம் முழுக்கப் புலம்பியவர்.

படத்தைக் கொண்டுபோய் நீட்டினேன்.
மூக்குக்கண்ணாடியைத் தேடினார், போட்டார்,
கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.
உதடு அசைய எண்ணினார்.
"ஆறு" என்றார்.
பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"சிமெண்ட் ஈரம் பட்டு இறுகிப்போச்சு.
ஆகஸ்டில்தான் புதுசு வாங்கணும்."

வரும் வழியில்
வாசலோரத்து மூட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.
மாவாய் இருந்தது.
விரல் அழுந்திய குழியை
நீவிச் சமமாக்கிவிட்டு நடந்தேன்.